ஒரு ராத்திரி அறை: புகாரை அன்றைக்கே எழுதுங்கள்

சர்வீஸ் அபார்ட்மென்ட், ஹோம்ஸ்டே, டெய்லி ரென்ட் வீடு என்று பல பெயர்களில் நடக்கும் ஒருநாள் வாடகை இடங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். மருத்துவமனைக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் வந்து தங்கியவர்களின் கடிதங்கள்தான் அதிகம். கையில் நோயாளி, காலையில் அப்பாயின்ட்மென்ட், நடு இரவில் வேறு இடம் தேட முடியாத நிலை. அறையை மோசமாக நடத்துபவர்கள் தப்பித்துக்கொள்வது இந்த நெருக்கடியில்தான்.

கேள்வி: அம்மாவுக்குக் காலையில் ஸ்கேன். அதனால் முதல் நாள் இரவே சென்னை வந்து, ஆயிரம் விளக்குப் பக்கம் இரண்டு படுக்கையறை உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் தங்கினோம். ஆன்லைனில் ரூ.4,000 முழுவதையும் முன்பே கட்டிவிட்டோம். இரவு 10 மணிக்குப் போனால் கேர்டேக்கர் போனை எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் வாசலில் நின்றோம். ஓர் அறையில் ஏசி ஓடவில்லை. பெட்ஷீட்டில் கறையும் முடியும். நான்கு பேருக்கு ஒரே டவல். "காலைல பாத்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஊருக்கு வந்து புகார் செய்தால், "தங்கிட்டீங்களே, ரீஃபண்ட் கிடையாது" என்கிறார்கள். இனி ஏதாவது செய்ய முடியுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: முடியும். நீங்கள் தங்கியது உண்மைதான், சேவை குறைந்ததும் உண்மைதான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறுக்க முடியாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டபடி செய்யாதது சேவைக் குறைபாடு. குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை அதே சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்கிறது. ஆனால் குறை இருந்தது என்று காட்ட வேண்டியவர் நீங்கள். இப்படி வரும் புகார்களில் பெரும்பாலும் கோட்டை விடுவது அங்கேதான்.

அந்த இரவு என்ன செய்திருக்கலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம், மற்றவர்களுக்கும் உதவும். பெட்டியைத் திறக்கும் முன் வாசற்கதவில் ஆரம்பித்து ஒவ்வோர் அறையாக இரண்டு நிமிட வீடியோ. ஏசியை ஆன் செய்து, ரிமோட்டில் தெரியும் எண்ணையும் காற்று வராத யூனிட்டையும் ஒரே காட்சியில் எடுங்கள். பெட்ஷீட்டை உதறாமல், விரித்தபடியே கிட்டத்தில் எடுங்கள். பிறகு போனில் திட்டுவதை நிறுத்திவிட்டு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். இந்த மாதிரி இருந்தால் போதும்:

"இரவு 10 மணிக்கு வந்தோம். 10.45-க்குத்தான் சாவி கிடைத்தது. இரண்டாவது படுக்கையறை ஏசி ஓடவில்லை. இரண்டு கட்டிலிலும் பெட்ஷீட் அழுக்கு. நான்கு பேருக்கு ஒரே டவல். படங்கள் இணைத்துள்ளோம். 11.30-க்குள் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் வேறு அறை கொடுங்கள். இரண்டும் முடியாவிட்டால் அந்த அறைக்கான பாதி வாடகையைத் திருப்பித் தரவும்."

இதில் கோபம் இல்லை, "கேவலம்", "மோசடி" போன்ற சொல்லும் இல்லை. நேரம், பொருள், கேட்பது என்ன, எதற்குள் என்ற நான்கும் இருக்கின்றன. இதையே பதிவு செய்த தளத்தின் சாட்டிலும் ஒட்டிவிடுங்கள். கேர்டேக்கரின் "காலைல பாத்துக்கலாம்" எழுத்தில் வந்தால் அதுவே உங்களுக்குச் சாட்சி.

வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்று முடிவெடுத்தால், சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தை எழுத்தில் தெரிவியுங்கள், புது இடத்தின் பில்லை வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் கட்டியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் வழியும் உண்டு. ஆனால் அங்கேயே படுத்துத் தூங்கியவர்களுக்கு அந்த வழியில் கிடைப்பது கடினம்.

இப்போது உங்கள் விஷயம். அன்று இரவு கேர்டேக்கரை அழைத்த கால் லாக் போனில் இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். யாராவது ஒரு படம் எடுத்திருந்தால்கூடப் போதும், எடுத்த தேதியும் நேரமும் அந்தப் படத்தின் விவரத்தில் இருக்கும். அதனால் வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை நம்பாமல், எடுத்த போனிலேயே மூலப்படத்தை வைத்திருங்கள். முதலில் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். கஸ்டமர் கேரில் பேசும் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டாயம் தெரியாது, அவர்களிடம் வாதாடுவது வீண். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். பெரிய தளங்கள் பலவும் இந்த எண்ணில் பதிவாகும் புகாருக்குப் பதில் சொல்லிவிடுகின்றன.

அதிலும் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். இதற்காக நீங்கள் சென்னைக்கு அலைய வேண்டாம். வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. உங்களுக்குத் தஞ்சாவூர் மாவட்ட ஆணையம். கட்டிய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், சம்பவம் நடந்து இரண்டு ஆண்டு வரை நேரம் இருக்கிறது. போனில் எடுத்த படம், வீடியோவைத் தரும்போது, பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படியான மின்னணுச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

எவ்வளவு கேட்பது? இரண்டு அறையில் ஒன்று பயன்படவில்லை என்றால் ரூ.2,000, அதற்கு மேல் அலைச்சலுக்கும் செலவுக்கும் நியாயமான ஒரு தொகை. ரூ.4,000 கட்டிவிட்டு ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்டால் நல்ல புகாரும் இளைத்துப் போகும்.

கேள்வி: கோயம்புத்தூரில் நான்கு ஃபிளாட்டுகளைத் தினவாடகைக்கு விடுகிறேன். பாத்ரூமைத் தினமும் பினாயில் ஊற்றிக் கழுவுகிறோம். ஆனாலும் வருகிறவர்கள் சாக்கடை நாற்றம் என்று எழுதுகிறார்கள். நான் போய்ப் பார்க்கும்போது நாற்றமே இல்லை. ஏன்?

பதில்: கழுவிய பிறகு போய்ப் பார்க்கிறீர்கள், அதனால்தான். தரை ஜாலிக்குக் கீழே இருக்கும் கிண்ணம் போன்ற நஹானி ட்ராப்பில் சுமார் இரண்டு அங்குலம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடைக் காற்று மேலே வராமல் அடைத்து வைப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். ஃபிளாட் பூட்டியே கிடந்தால், அதுவும் வெயில் காலத்தில், அது வற்றிவிடும். அழுகிய முட்டை வாடை அடித்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, நேராகக் குழாயிலிருந்து வருவது. கரப்பானும் அதே வழியாகத்தான் ஏறி வரும். நீங்கள் கழுவும்போது ட்ராப் நிரம்பி நாற்றம் நின்றுவிடுகிறது. தண்ணீர்தான் அதை நிறுத்துகிறது, பினாயிலுக்கு அதில் வேலையில்லை.

ஆள் வராத நாட்களிலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு ஜாலியிலும் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். வெகுநாள் பூட்டி வைப்பதாக இருந்தால், தண்ணீருக்கு மேல் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். பால்கனி, சர்வீஸ் ஏரியா, வாஷிங் மெஷின் வைக்கும் இடம் ஆகியவற்றில் இருக்கும் ஜாலிகளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீர் ஊற்றிய ஒரு மணி நேரத்திலேயே நாற்றம் திரும்பினால் கோளாறு வேறு. வாஷ்பேசினின் நெளிவுக் குழாய் தரை ஓட்டையில் சும்மா செருகியிருக்கும், சுற்றிலும் இடைவெளி இருக்கும். பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் வளையம் போட்டு அடைக்கலாம். ஃப்ளஷ் செய்யும்போதெல்லாம் தரை ஜாலி "களக் களக்" என்று சத்தம் போட்டால், மொட்டை மாடிக்குப் போகும் வென்ட் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது வைக்கவே இல்லை. ஃப்ளஷ் தண்ணீர் இறங்கும் வேகத்தில் ட்ராப்பில் இருப்பதையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். இதற்குப் பிளம்பர்தான் வேண்டும்.

தங்க வருகிறவர்களுக்கும் ஒரு சொல். ராத்திரி நாற்றம் அடித்தால் முதலில் ஜாலியில் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினைகள் அதிலேயே தீரும். தீராவிட்டால் புகாரில் "தண்ணீர் ஊற்றியும் நாற்றம் நிற்கவில்லை" என்று எழுதுங்கள். விஷயம் தெரிந்தவர் எழுதியது என்று படிக்கும்போதே புரியும்.

கேள்வி: கீசரில் சிவப்பு விளக்கு எரிகிறது, தண்ணீர் சூடாகவில்லை. இன்னோர் இடத்தில் குழாயைத் தொட்டால் சுரீர் என்றது. இதற்கெல்லாம் என்ன செய்வது? (வாசகர், காரைக்குடி)

பதில்: இரண்டாவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அது உயிர் விஷயம். குழாயில் சுரீர் என்றால் ஹீட்டரில் மின்கசிவு இருக்கிறது, எர்த்தும் சரியில்லை. ஈரக் கையோடு எதையும் தொடாமல் வெளியே வந்து, கீசர் சுவிட்சை அணையுங்கள். அந்த பாத்ரூமை அன்று யாரும் பயன்படுத்த வேண்டாம். "ஃபியூஸ் இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். ஃபியூஸுக்குப் பதில் இப்போது வைக்கும் சாதாரண எம்சிபி சுவிட்ச், லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும். மனிதர் உடம்பு வழியே போகும் சிறு கசிவை அது கண்டுகொள்ளாது. அதற்குக் கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். சுவிட்சுகள் வரிசையாக இருக்கும் டிபி பெட்டியைத் திறந்தால் "டி" என்று எழுதிய சின்னப் பொத்தானுடன் இருக்கும். அந்தப் பொத்தான் எங்குமே இல்லை என்றால், கீசர் சுவிட்சை முதலில் அணைத்துவிட்டு, பிறகு வாளியில் வெந்நீரைப் பிடித்துக் குளியுங்கள்.

சூடாகாத கீசருக்கு வருவோம். 15 லிட்டர் டேங்க், 2,000 வாட் ஹீட்டர் என்றால் 28 டிகிரி தண்ணீர் 60 டிகிரிக்கு வர 17 நிமிடம் ஆகும். 25 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட அரை மணி. அதற்குள் "வேலை செய்யல" என்று சொல்லாதீர்கள். அரை மணிக்கு மேலும் பச்சைத் தண்ணீர் வந்தால், எலிமென்ட் எரிந்திருக்கும், அல்லது சூடு மிஞ்சும்போது இணைப்பைத் துண்டிக்கும் கட்-அவுட் விழுந்திருக்கும். வெதுவெதுப்பாக மட்டும் வருகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்திருக்கலாம். போர்வெல் உப்பு எலிமென்ட்டில் ஓடாகப் படிந்திருந்தால் சூடேற நேரம் பிடிக்கும்.

எத்தனை பேர் குளிக்கலாம் என்றும் கணக்குப் பாருங்கள். 60 டிகிரி வெந்நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரியில் ஒரு 20 லிட்டர் வாளி நிரப்ப ஏழரை லிட்டர் வெந்நீர் வேண்டும். 15 லிட்டர் கீசரில் இரண்டு வாளி. மூன்றாமவர் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். காலை 7 மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டியவர்கள் இதை முந்தைய இரவே யோசித்துக்கொள்வது நல்லது. சமையலறைக்குப் போடும் 3 லிட்டர் கீசரை பாத்ரூமில் மாட்டியிருக்கும் இடங்களும் உண்டு, அதில் வாளிக் குளியல் ஒத்துவராது.

சிலிண்டரில் ஓடும் கேஸ் கீசர் பாத்ரூமுக்குள்ளேயே இருந்தால் அதைப் பற்றவைக்கவே வேண்டாம். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். வாடையும் இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. தலைசுற்றல் தெரிவதற்குள் கதவைத் திறக்கத் தெம்பு போய்விடும்.

கேள்வி: ஏசியிலிருந்து மெத்தை மேல் தண்ணீர் சொட்டியது. கேர்டேக்கர் 16-இல் வைத்தால் சரியாகிவிடும் என்றார். (வாசகர், விருதுநகர்)

பதில்: 16-இல் வைத்தால் சொட்டுவது கூடத்தான் செய்யும். உள் யூனிட்டின் தட்டில் சேரும் தண்ணீர் வெளியே போகும் குழாய் தூசியிலும் பாசியிலும் அடைத்திருக்கும். அல்லது ஃபில்டர் அடைத்துக் காற்றோட்டம் இல்லாமல் காயிலில் ஐஸ் கட்டி, அது உருகிச் சொட்டும். ஐஸ் என்றால் கூலிங்கை நிறுத்தி, ஃபேன் மோடில் முக்கால் மணி நேரம் ஓடவிடுங்கள். முன்மூடியைத் தூக்கினால் ஃபில்டர் வலை கையோடு வரும். கழுவி உதறி மாட்டப் பத்து நிமிடம், கேர்டேக்கரே செய்யலாம். மறுபடி ஓடவிட்டு 24-இல் வையுங்கள். பழையபடி சொட்டினால் குழாய் அடைப்புதான், மெக்கானிக் வராமல் தீராது. கட்டிலை நகர்த்திப் போட்டுவிட்டு, சொட்டுவதை வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "ஏசி ஃபிளாட்" என்று போட்டிருக்கும், ஹாலில் ஏசி இருக்காது, அல்லது தனிக்கட்டணம் கேட்பார்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஏசி ஓடாது. ஜெனரேட்டர் இருக்கிறது என்றாலும், அதில் லிஃப்ட் மட்டுமா, ஃபிளாட்டுமா என்று கேளுங்கள்.

கேள்வி: வேலூரில் ஓர் இரவு தங்கிவிட்டு வந்த மூன்றாம் நாள் கையில் வரிசையாகத் தடிப்புகள். மூட்டைப்பூச்சியாக இருக்குமோ? வீட்டுக்குள் வந்திருக்குமா? (வாசகி, நாமக்கல்)

பதில்: இருக்கலாம். கடித்த தடிப்பு சிலருக்கு மறுநாள், சிலருக்குப் பல நாள் கழித்துத் தெரியும். சிலருக்குத் தெரியவே தெரியாது. அதனால் தடிப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், தடயம் தேட வேண்டும். போன் டார்ச்சுடன் மெத்தையின் நான்கு மூலைத் தையல், ஓரப் பைப்பிங்கின் அடிப்பக்கம், கட்டில் தலைப்பலகையின் பின்புறம், திருகு ஓட்டைகள் ஆகியவற்றைப் பாருங்கள். பால்பாயின்ட் பேனா வைத்த புள்ளிபோல் கறுப்பாக இருக்கும். ஈர டிஷ்யூவால் தேய்த்தால் பழுப்பாக இழுகும். உரித்துப் போட்ட தோலும் கிடக்கும். வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர், வெறுங்கண்ணுக்கே தெரியும். விடுதி அறைக்குள் நுழைந்தவுடன் இதைப் பார்க்க மூன்று நிமிடம் போதும். பார்த்து முடிக்கும்வரை பெட்டி பாத்ரூம் தரையில் இருக்கட்டும், கட்டிலில் வேண்டாம்.

இனி உங்கள் வீடு. அந்தப் பயணத்துக்குக் கொண்டுபோன துணிகள் எல்லாவற்றையும், உடுத்தாதவற்றையும் சேர்த்து, பிளாஸ்டிக் பையில் கட்டி மெஷினுக்கே கொண்டுபோய் 60 டிகிரியில் துவையுங்கள். ஃப்ரன்ட் லோடு மெஷினில் இந்த அளவு இருக்கும். இல்லாதவர்கள் துணி தாங்குகிற சூட்டில் வெந்நீரில் அரை மணி ஊறவைத்துத் துவைத்து, தையல்களில் நன்றாக அயர்ன் செய்யலாம். துவைக்க முடியாத பொருளை மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு நாள் வையுங்கள். பெட்டியின் தையல், ஜிப் ஓரம், சக்கர இடுக்கு எல்லாவற்றையும் வேக்யூம் செய்யுங்கள். வெயிலில் காயவைத்தால் போதும் என்று நம்பவேண்டாம், சூடு ஏறும்போது பூச்சி துணி மடிப்புக்குள் போய்விடும். கொசு ஸ்ப்ரேயும் வேண்டாம். பல மூட்டைப்பூச்சிகளுக்கு அந்த மருந்து இப்போது உறைப்பதில்லை, சிதறி அடுத்த அறைக்கும் பரவும். ஒரு ஆறுதல், இவை நோயைப் பரப்புவதாக நிரூபணம் இல்லை.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்திருந்தோம். காசு கட்டிப் பதிவு செய்த இடத்தில், பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அறை தர ஏலாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் செய்யலாமா?

பதில்: வெளிநாட்டவர் தங்கினால், தங்க வைத்தவர் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையம் வழியே தெரிவிக்க வேண்டும். "சி ஃபார்ம்" என்று விடுதிக்காரர்கள் சொல்வது இதைத்தான். இதற்கு விடுதி முன்பே பதிவுசெய்து பயனர் கணக்கு வாங்கியிருக்க வேண்டும். வாங்காத சிறு ஃபிளாட்காரர்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் பயந்துவிடுகிறார்கள். வெளிநாட்டவரை ஏற்பதில்லை என்று பதிவுப் பக்கத்தில் சொல்லாமல் காசை வாங்கிவிட்டு வாசலில் மறுத்தால், முழுத்தொகையையும் திருப்பித் தருவது அவர்கள் கடமை. மறுத்ததை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். தர மாட்டார்கள் என்றால், வாசலில் நின்றபடியே தளத்தின் உதவி எண்ணை அழைத்து "செக்-இன் மறுத்துவிட்டார்கள்" என்று பதியச் சொல்லுங்கள். அந்தச் சொற்கள் பதிவாகிவிட்டால் ரீஃபண்ட் மறுப்பது கடினம்.

அடுத்த முறை காசு கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி: "சி ஃபார்ம் போட்டு, பிரின்ட் எடுத்துத் தருவீர்களா?" அந்தப் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். சிகிச்சை நீண்டு விசா நீட்டிப்புக்குப் போகும்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பதற்கு அதுதான் சான்று. "ஃபார்ம் எல்லாம் வேண்டாம், சும்மா தங்குங்கோ" என்று அன்பாகச் சொல்பவரிடமும் தங்க வேண்டாம். பின்னால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்களாகவும் இருப்பீர்கள்.

கேள்வி: கிளம்பும்போது "கிளீனிங் சார்ஜ்" என்று ரூ.2,000 டெபாசிட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று தனியாகவும் வாங்கினார்கள். பில் கேட்டால் கையால் எழுதிய துண்டுச்சீட்டு. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஜிஎஸ்டி கணக்கே தவறு. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு ரூ.7,500 வரை வாடகை என்றால் 5 சதவீதம்தான். ரூ.2,500 அறைக்கு ரூ.125. ரூ.7,500-க்கு மேற்பட்ட வாடகைக்குத்தான் 18. மேலும், ஜிஎஸ்டி எண் இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. எண் 15 எழுத்து நீளம், தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். பில் தர மறுப்பதும் நுகர்வோர் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறைதான்.

கிளீனிங் சார்ஜ் முன்பே விலையோடு எழுதிக் காட்டப்பட்டிருந்தால் ஒழிய, கடைசியில் சேர்க்க முடியாது. பதிவுப் பக்கத்தில் ஒரு விலையைக் காட்டிவிட்டுக் கட்டும் கட்டத்தில் கட்டணங்களை நுழைப்பது, 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட இணைய ஏமாற்று முறைகள் பற்றிய வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்ட ஒன்று. பதிவு செய்த நாளிலேயே விலைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது இதற்காகத்தான். டெபாசிட்டை யாரோ ஒருவரின் சொந்த யுபிஐ எண்ணுக்குப் போடச் சொன்னால், குறிப்புப் பகுதியில் "டெபாசிட், ஃபிளாட் எண், தேதி" என்று தட்டிவிட்டுப் போடுங்கள். கிளம்பும்போதும் ஒரு வீடியோ எடுங்கள். சமையலறை மேடை, ஃபிரிட்ஜ் உள்பக்கம், கண்ணாடிகள், ரிமோட்டுகள், சாவி கொடுக்கும் கை.

"பொருள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைக் காட்டினால் அதற்கும் பயப்பட வேண்டாம். ஓட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், அந்த மாதிரி வாசகத்தைக் காட்டி ஓட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே ஃபிளாட்டில் தங்குவது சட்டப்படி குற்றமா? போலீஸ் வரும் என்று மிரட்டினார்கள். (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: குற்றம் இல்லை. கோவையில் இதே காரணத்தையும் சொல்லி சீல் வைக்கப்பட்ட ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டைத் திறக்கச் சொல்லி 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த உத்தரவிலேயே, அப்படித் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று இருக்கிறது. இருவரும் 18 வயது முடிந்தவர்கள் என்பதற்கான அடையாளச் சான்று போதும். விடுதி தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தால் அதைப் பதிவுப் பக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் காசு வாங்கியிருந்தால், யாழ்ப்பாண வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

கேள்வி: ரகசிய கேமரா பயம் எனக்கு. எப்படிக் கண்டுபிடிப்பது? ஆதார் நகல் கொடுக்கவும் பயமாக இருக்கிறது. (வாசகி, திருச்சி)

பதில்: கட்டிலையும் பாத்ரூமையும் நேரே பார்க்கிற பொருள்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஸ்மோக் டிடெக்டர், சுவர்க்கடிகாரம், செட்-டாப் பாக்ஸ், பிளக்கில் சும்மா செருகியிருக்கும் சார்ஜர், எக்ஸாஸ்ட் ஃபேன் இடுக்கு. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சைக் கண்ணருகே பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். லென்ஸ் இருந்தால் ஊசிமுனை அளவு ஒளி திரும்பி வரும். இருட்டில் படம் எடுக்கும் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு பல போன்களின் செல்ஃபி கேமராவில் ஊதா வெள்ளையாகத் தெரியும். உங்கள் போனில் தெரியுமா என்று டிவி ரிமோட்டை அழுத்தி முதலில் சோதித்துப் பாருங்கள். வைஃபையை ஆராயும் ஆப்களை மட்டும் நம்ப வேண்டாம், மெமரி கார்டில் பதியும் கேமரா அதில் சிக்காது.

கிடைத்துவிட்டால் பிடுங்காதீர்கள், துணி போட்டும் மூடாதீர்கள். தூரத்திலிருந்து படம் எடுத்துவிட்டு, வெளியே வந்து 112-ஐ அழையுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. விடுதிக்காரரிடம் முதலில் சொன்னால் தடயம் போய்விடும்.

ஆதாருக்கு மாஸ்க்டு ஆதார் எடுத்து வையுங்கள். ஆதார் தளத்தில் இறக்கும்போதே அந்தத் தேர்வு இருக்கும், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும். ஓட்டுநர் உரிமமும் காட்டலாம். நகலின் குறுக்கே "இந்த ஃபிளாட்டில் தங்க மட்டும்" என்றும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: ஃபிளாட்டின் பால்கனி முழுக்க இரும்பு கிரில், அதற்குப் பூட்டு. கேர்டேக்கர் வெளியே இருந்து மெயின் கேட்டையும் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார். திருட்டுக்குப் பாதுகாப்பு என்கிறார். சரிதானா? (வாசகர், மதுரை)

பதில்: சரியில்லை. 2019 பிப்ரவரியில் தில்லி கரோல்பாக் ஓட்டல் தீயில் 17 பேர் இறந்தார்கள். தீ விபத்தில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது நெருப்பைவிடப் புகை, வெளியே போக வழி தேடும் நிமிடங்களில். கேட் சாவியும் கிரில் சாவியும் இரவு முழுக்க உங்கள் கையில் இருக்க வேண்டும். வாங்கியவுடன் பூட்டில் போட்டுத் திறந்து பாருங்கள், துருப்பிடித்துத் திரும்பாத பூட்டுகள் நிறைய. பிறகு கதவருகே ஆணியில் மாட்டி, உடன் வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். மாடிப்படி எந்தப் பக்கம் என்று ஒருமுறை இறங்கி ஏறிப் பாருங்கள், அதில் பழைய மெத்தையும் சிலிண்டரும் அடுக்கியிருந்தால் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். சமையலறை இருந்தால், தூங்கப் போகும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். கேஸ் டியூபில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதி தாண்டியிருந்தால் அடுப்பையே பற்றவைக்க வேண்டாம், காபியை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். சாவி தர முடியாது என்று சொல்லும் இடத்தில் தங்காதீர்கள். அந்த மறுப்பை எழுத்தில் வாங்கி, மேலே சொன்ன அதே வழியில் முழுப் பணத்தையும் கேளுங்கள்.